தண்ணீர் எங்கே நிற்கிறது?

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை, மறுநாள் பள்ளிக்குப் போட வேண்டிய சீருடை சோப்புத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது, கதவும் திறக்கவில்லை என்றால், அந்த வீட்டு அம்மாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை. தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றி, ஊறிய போர்வையைக் கையால் பிழிந்து, இடுப்பு வலியோடு அன்றிரவு படுக்கப்போவது யார் என்று நமக்கெல்லாம் தெரியும். மறுநாள் வருகிறவர் "போர்டு போயிடுச்சும்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால், பல ஆயிரம் ரூபாயை எண்ணிக் கொடுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருப்பதில்லை. அந்த நிலைமை எனக்கு வருத்தமாக இருக்கிறது. தண்ணீர் போகாத மெஷின்களில் மிகப் பலவற்றில் எந்தப் பாகமும் கெட்டிருப்பதில்லை. ஒரு ஊக்கோ, குழந்தையின் சாக்ஸோ, மடங்கிய குழாயோதான் காரணமாக இருக்கும்.

ஆகவே "எது கெட்டுப்போச்சு?" என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். "தண்ணீர் எங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள். துணித் தொட்டியிலிருந்து குளியலறைச் சாக்கடை வரை தண்ணீர் போகும் பாதை ஒன்றுதான். அதில் ஏதோ ஓர் இடத்தில் அது தடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் உங்கள் மெஷின் எப்படித் தண்ணீரை வெளியேற்றுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் மூன்று வகை இருக்கின்றன. இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக், மேலே மூடி திறக்கும் டாப் லோட், முன்பக்கம் வட்டக் கதவு உள்ள பிரண்ட் லோட். ஆனால் தண்ணீர் போகும் விதத்தை வைத்துப் பார்த்தால் வகை இரண்டுதான். செமி ஆட்டோமேட்டிக்கிலும், நம் ஊரில் விற்கும் பெரும்பாலான டாப் லோடிலும் பம்ப் கிடையாது. அடியில் ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது. அது திறந்தால், தொட்டியின் தக்கையைப் பிடுங்கிவிட்டது போலத் தண்ணீர் தன் கனத்தாலேயே இறங்கி ஓடிவிடும். பிரண்ட் லோடில் அப்படி இல்லை. அதன் அடியில் ஒரு சிறு பம்ப் இருந்து தண்ணீரை மேலே தள்ளி வெளியேற்றுகிறது. சில டாப் லோடிலும் பம்ப் உண்டு. சந்தேகமாக இருந்தால் மெஷினோடு வந்த கையேட்டில் டிரெயின் குழாயை எப்படி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும் என்றால் பம்ப் இல்லை. இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மாட்டச் சொன்னால் பம்ப் உண்டு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "கீழே சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்து பில்டரைச் சுத்தம் செய்யுங்கள்" என்ற யோசனை எல்லார் வாயிலும் வருகிறது. அது பம்ப் உள்ள மெஷினுக்குச் சொன்னது. பம்ப் இல்லாத டாப் லோட் வைத்திருப்பவர் அந்த மூடியைத் தேடி மெஷினைச் சாய்த்துப் புரட்டி, கடைசியில் கையைக் காயப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய மெஷினில் அப்படி ஒரு மூடியே கிடையாது.

எந்த வகையானாலும் கை வைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். துவைக்கும் பாதியில் மின்சாரம் போய் வந்ததா? யாராவது நடுவில் பட்டனை அழுத்தினார்களா? சில மெஷின்களில் அலசிய தண்ணீரிலேயே துணியை நிறுத்திவைக்கும் வசதி உண்டு. கை தவறி அதை அழுத்தியிருந்தால், மெஷின் சொன்னபடி கேட்டுக்கொண்டு நிற்கிறது என்று பொருள். ஸ்பின் மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போது பேச்சை நிறுத்திவிட்டு, டிவியையும் அணைத்துவிட்டு, காதைக் கொடுத்துக் கேளுங்கள். அந்தச் சத்தம்தான் நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சி.

பம்ப் இல்லாத மெஷினை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் இருப்பது அதுதான், யாரும் சரியாகச் சொல்லாததும் அதைப் பற்றித்தான். தன் கனத்தால் ஓடும் தண்ணீருக்கு மேடு ஏறத் தெரியாது. நம் வீடுகளில் மெஷின் இருப்பது பெரும்பாலும் குளியலறைக்கு வெளியே, நடையிலோ பால்கனியிலோ. குளியலறைத் தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் நாலைந்து அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டியிருப்பார்கள். டிரெயின் குழாய் அந்தத் தடுப்பின் மேல் ஏறி இறங்கும். பல கையேடுகளில், குழாய் தரையிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டருக்கு மேல் எழக்கூடாது என்றே போட்டிருக்கிறார்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போது அழுத்தத்தில் தடுப்பைத் தாண்டி ஓடிவிடும். தண்ணீர் குறையக் குறைய வேகம் தளரும். கடைசியில் அடித்தண்ணீர் அப்படியே தங்கிவிடும். குறித்த நேரத்துக்குள் தொட்டி காலியாகாததால் மெஷின் ஸ்பின்னுக்குப் போகாமல் பிழைக் குறியைக் காட்டி நின்றுவிடும். எல்.ஜி. மெஷின்களில் அது "ஓ-இ" என்று வரும். சாம்சங்கில் "5-இ" அல்லது "5-சி". வீட்டுக்காரர் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைப்பார். கெட்டது எதுவும் இல்லை. குழாய்தான் மேடேறி நிற்கிறது.

குழாய் எட்டவில்லை என்று இன்னொரு குழாயை ஒட்டுப்போட்டு நீட்டுவதும் இதே தொல்லையைக் கொண்டுவரும். ஒட்டுப்போட்ட இடத்தில் நூல் துகள் சேரும். நீளம் கூடக் கூட ஓட்டம் மந்தமாகும். குழாயின் முனை, குளியலறைத் தரையில் உள்ள சாக்கடை வாயான நானி டிராப்புக்குள் ஆழமாகச் செருகப்பட்டு அங்கே தேங்கிய தண்ணீரில் மூழ்கியிருந்தாலும் அப்படித்தான். முனை தண்ணீருக்கு மேலே, காற்றுப் படும்படி இருக்க வேண்டும். நானி டிராப்பே அடைத்திருந்தால் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வாளித் தண்ணீரை அங்கே ஊற்றிப் பாருங்கள், அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதை உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. குழாயைச் சாக்கடையிலிருந்து எடுத்து, மெஷின் பக்கத்திலேயே தரையில் வைத்த தட்டையான தாம்பாளத்தில் விட்டு ஸ்பின் போட்டுப் பாருங்கள். தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது, குறை வெளிப்பாதையில். அப்போதும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றால் குறை உள்ளே.

உள்ளே என்றால், டாப் லோடில் வால்வைத் திறப்பது டிரெயின் மோட்டார் என்ற சிறு மோட்டார். ஸ்பின் தொடங்கும்போது அது ஒரு கம்பியை மெதுவாக இழுத்து வால்வைத் திறக்கும். காதை வைத்தால் மெல்லிய உறுமலும் முடிவில் ஒரு "டிக்" சத்தமும் கேட்கும். பல மெஷின்களில் இதே மோட்டார்தான் உள் டிரம்மின் பிரேக்கையும் விடுவிக்கிறது. ஆகையால் தண்ணீரும் போகவில்லை, ஸ்பின்னும் சுற்றவில்லை என்றால் இரண்டு நோய் என்று பயப்பட வேண்டாம். இந்த ஒரு மோட்டார் இழுக்காமல் இருந்தாலே இரண்டும் நின்றுபோகும். மோட்டார் இழுக்கும் சத்தம் கேட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் வால்வின் வாயில் ஏதோ சிக்கியிருக்கிறது. இதற்கு மாறான ஒரு கோளாறும் உண்டு. தண்ணீர் நிரம்பிக்கொண்டே இருக்கும்போதே குழாய் வழியாகக் கசிந்து போய்க்கொண்டும் இருக்கும். வால்வு முழுதாக மூடாமல் ஒரு ஹேர்பின் குறுக்கே நிற்பதால் வருவது அது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வது. மெஷினைச் சாய்க்க வேண்டியிருப்பதால் பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். ஆனால் "வால்வைக் கழற்றிப் பாருங்கள்" என்று நீங்களே சொல்லி விடுங்கள்.

செமி ஆட்டோமேட்டிக்கில் இந்த டிரெயின் மோட்டார்கூட இல்லை. மேலே நீங்கள் திருப்பும் டிரெயின் குமிழ் ஒரு பட்டையை இழுக்கிறது, பட்டை வால்வைத் தூக்குகிறது. குமிழ் தொளதொளவென்று எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் பட்டை அறுந்துவிட்டது அல்லது கழன்றுவிட்டது. மிகக் குறைந்த செலவில் தீரும் வேலை.

இனி பிரண்ட் லோட். இதன் பம்ப் உருவத்தில் சின்னது. வாங்கும் மின்சாரம் சுமார் 30 வாட். ஒரு காந்த உருளை, அதன் முனையில் சிறு விசிறி. பொதுவாகக் காணப்படும் வகையில் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும். இவ்வளவு சிறிய பொருள் தண்ணீரை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, நிமிடத்துக்கு 15 லிட்டர் அளவில் வெளியே தள்ளுகிறது. அதை வடிவமைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதன் விசிறியை நிறுத்த ஒரு சட்டைப் பொத்தான் போதும். அதனால்தான் பம்புக்கு முன்னால் ஒரு பில்டர் வைத்தார்கள். முன்பக்கக் கீழ் மூலையில் சிறு மூடிக்குள் இருப்பது அதுதான்.

இங்கேயும் காதுதான் முதலில். "ம்ம்ம்" என்று உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் மின்சாரம் வருகிறது, விசிறி சிக்கியிருக்கிறது அல்லது பாதை அடைத்திருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லை என்றால் பம்புக்கு மின்சாரமே போகவில்லை அல்லது அதன் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துவிட்டது. நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எலி. அடிப்பக்கத் திறப்பு வழியாக உள்ளே போய்ப் பம்புக்குப் போகும் ஒயரைக் கடித்துத் துண்டித்துவிடும். அதற்காகத்தான் இங்கே விற்கும் பல மெஷின்களுக்கு அடியில் எலி புகாத வலையோ தகடோ போட்டுத் தருகிறார்கள். பொருத்த வந்தவர் அதை மாட்டாமல் விட்டிருக்கிறாரா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

பில்டரைத் திறக்கும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரப்பட்டால் ஆபத்து. முதலில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். வெந்நீரில் துவைக்கும் முறையைப் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் 60 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கலாம், சில முறைகளில் 95 டிகிரி வரை போகும். ஆறும் வரை காத்திருங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கதவை நெம்பித் திறக்க முயலாதீர்கள். உள்ளே தண்ணீர் நிற்கும்வரை அது பூட்டியே இருக்கும்படி செய்திருப்பது உங்கள் பாதுகாப்புக்காகத்தான்.

மூடிக்குள் பில்டர் பக்கத்தில் பல மெஷின்களில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதன் அடைப்பை எடுத்து, தட்டையான தட்டில் தண்ணீரைப் பிடித்துப் பிடித்துக் கொட்டுங்கள். 15, 20 லிட்டர் இருக்கும், பொறுமை வேண்டும். அந்தக் குழாய் இல்லாத மெஷினில் பில்டரை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி, தட்டு நிறைந்ததும் இறுக்கி, மறுபடி திருப்பி வடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். டிரம்மில் தண்ணீர் நிறைய இருக்கிறது, பில்டரைத் தளர்த்தியும் ஒரு குவளைதான் வந்தது என்றால், அடைப்பு பில்டருக்கு முன்னால், தொட்டியையும் பம்பையும் இணைக்கும் மடிப்புக் குழாயில் இருக்கிறது. சாக்ஸ், கைக்குட்டை, குழந்தைத் தொப்பி இவையெல்லாம் அங்கேதான் போய் உட்காரும். டிரம்மை நிறைய அடைத்தால், கதவோரத்து ரப்பருக்கும் டிரம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாக நழுவி வெளித் தொட்டிக்குள் விழுந்து, அங்கிருந்து குழாய்க்கு வந்துவிடும். பில்டரை ஆயிரம் தடவை கழுவினாலும் இது தீராது. மாறாக, தளர்த்தியதும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தால் அதுவரை பாதை நன்றாக இருக்கிறது, குறை பம்பிலோ அதற்குப் பின்னால் உள்ள குழாயிலோதான். ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதையின் பாதியை நாம் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிட்டோம்.

பில்டரை வெளியே எடுத்தால் வருவதைப் பார்த்து நீங்களே வியந்துபோவீர்கள். சில்லறை, ஊக்கு, கோலிக்குண்டு, சட்டைப் பையில் மறந்த விபூதிப் பொட்டலத்தின் காகிதம், புதுத் துண்டு உதிர்த்த பஞ்சு, தலைமுடி. அதையெல்லாம் எடுத்த பிறகு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கடைசியில் விசிறி தெரியும். ஒரு மரக்குச்சியால் அதை மெல்லத் தள்ளிச் சுற்றுங்கள். காந்தம் இருப்பதால் அது விட்டு விட்டு, பிடித்துப் பிடித்துத்தான் சுற்றும். அதைப் பார்த்துப் பலர் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். அதுதான் சரியான நிலை. எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால்தான் விசிறி தண்டிலிருந்து முறிந்துவிட்டது என்று பொருள். ஒரு தலைமுடிச் சுருள் தண்டைச் சுற்றி இறுகியிருந்தால் அசையவே அசையாது. பொறுமையாக இழுத்தெடுங்கள்.

திரும்ப மாட்டும்போது பில்டர் நேராக உட்கார்ந்து முழுதும் இறுகியிருக்க வேண்டும். பவுடர் போடும் அறையில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, ஸ்பின் போட்டு, கீழே கசிகிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு தடவை பில்டரைச் சுத்தம் செய்கிற வீட்டில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.

பம்ப் உள்ள மெஷினில் குழாய் விதி தலைகீழ். பல கையேடுகள் அதைத் தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டச் சொல்கின்றன. தரையில் போட்டுவிட்டால் உள்ளே வரும் தண்ணீர் நிற்காமல் தானாகவே இழுபட்டு வெளியே ஓடிக்கொண்டிருக்கும். மிக உயரத்தில் மாட்டினால் பம்ப் திணறும். பெருக்குவதற்காக மெஷினை நகர்த்திவிட்டுத் திரும்பச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போது குழாய் பின்னால் மடங்கிவிடுவதும் அடிக்கடி நடப்பதுதான். நேற்று வரை நன்றாக ஓடிய மெஷின் இன்று நின்றுவிட்டது என்றால், இடையில் யாராவது வீடு கழுவினார்களா என்று கேளுங்கள்.

நுரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கையால் துவைப்பதற்கு விற்கும் பவுடர் நிறைய நுரைக்கும்படி செய்யப்பட்டது. நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்று நாம் நம்பி வளர்ந்துவிட்டோம். பம்புக்கு அந்த நுரை எதிரி. விசிறி தண்ணீரைத்தான் தள்ளும், காற்றைத் தள்ளாது. நுரை என்பது பெரும்பகுதி காற்று. பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், எதுவும் வெளியேறாது, கடைசியில் தண்ணீர் போகவில்லை என்ற அதே குறி வரும். கதவுக் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தால் பில்டரைத் தொட வேண்டாம். மெஷினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், நுரை தானே அமுங்கும். பிறகு ஸ்பின் போடுங்கள். பிரண்ட் லோடுக்கு என்று போட்டு விற்கும் பவுடரையோ திரவத்தையோ மட்டும், அட்டையில் சொன்ன அளவுக்குப் போடுங்கள்.

தண்ணீர் எல்லாம் போய்விட்டது, டிரம் காலி, ஆனாலும் மெஷின் தண்ணீர் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு நிற்கிறது என்ற நிலையும் வரும். தொட்டியின் அடியில் ஒரு சிறு காற்றறை, அதிலிருந்து மேலே போகும் மெல்லிய குழாய், அதன் முனையில் அழுத்தத்தை உணரும் ஒரு சென்சார். தண்ணீர் ஏறினால் உள்ளே உள்ள காற்று அமுக்கப்படும், அந்த அழுத்தத்தை வைத்துத்தான் மெஷின் நீர்மட்டத்தை அறிகிறது. அந்தக் காற்றறையில் சோப்புப் படிவும் பஞ்சும் அடைத்தால் அழுத்தம் குறையவே குறையாது. போர்வெல் தண்ணீரின் உப்பும் சோப்பும் கலந்து படியும் வீடுகளில் இதை அதிகம் எதிர்பார்க்கலாம். மெக்கானிக் அந்தக் குழாயைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும் குறைக்குப் போர்டை மாற்றச் சொல்வது நியாயமில்லை.

இதற்கு மேல் வீட்டில் செய்யக்கூடாது. மெஷினின் பின்தகட்டைக் கழற்றுவதும், ஒயரைத் தொடுவதும், மின்சாரம் ஓடும்போது சோதிப்பதும் பயிற்சி பெற்றவர் வேலை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று உயிரை இழந்தவர்களின் செய்தியை நாம் பத்திரிகையில் படிக்கிறோம். மெஷினின் பிளக்குக்கு முறையான எர்த் இருக்கிறதா, வீட்டு மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாகத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றால் அது கடையில் கிடைக்கவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காக 2021 மார்ச் முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. வீட்டு வாஷிங் மெஷினை விற்கும் நிறுவனம், அந்த மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் 10 ஆண்டுகளுக்கு முக்கியமான உதிரிப் பாகங்களைக் கொடுத்தாக வேண்டும். பம்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது, அதற்கென்று ஒரு இணையவாசலையும் திறந்தது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்த உரிமை இன்னும் வலுவாக வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஒரு சிறு பம்ப் கிடைக்காததால் பெரிய இரும்புப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுவது கொடுமை.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது "மெஷின் ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பிரண்ட் லோடு, பம்ப் உறுமுது, பில்டரைத் திறந்தால் தண்ணீர் நல்லா வருது, விசிறி சுத்துது, குழாய் மடங்கலை" என்று சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக்குகள் நிறைய பேர் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் சரியான பாகத்தைக் கையோடு எடுத்து வருவார்கள், ஒரே நடையில் வேலை முடியும். பம்பை மாற்றினால் பழையதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு முனைகளிலும் ஓம் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பம்ப் பொதுவாக 100 முதல் 200 ஓம் வரை காட்டும். எரிந்துபோனதில் முள் அசையாது. முள்ளும் அசைந்து, விசிறியும் பிடித்துப் பிடித்துச் சுற்றினால், இதை ஏன் மாற்றினீர்கள் என்று அவர் எதிரிலேயே கேளுங்கள்.